நாமா, நாங்களா?

துபாஷி என்ற சொல்லுக்கு நம் நாட்டில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. இரண்டு பாஷை அறிந்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் கும்பினியார் காலத்தில் இரண்டு பாஷை அறிந்தவர்களில் பலர் இரண்டு பக்கத்திலும் பணம் பண்ணத் தெரிந்தவர்களாகவும் இருந்துவிட்டபடியால், அந்தச் சொல்லோடு ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதுச்சேரியில் டூப்ளே துரையிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் தினசரி எழுதிவைத்துப் போனார். நடுவில் நிற்கிறவன் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்பதை அதைக்கொண்டுதான் நாம் அறிகிறோம். ஒன்றும் எழுதிவைக்காமல் போன துபாஷிகள் எத்தனையோ பேர்.

சம்பளமே வாங்காத துபாஷிகளும் உலகத்தில் உண்டு. தன்னார்வ மொழிபெயர்ப்பாளர் என்று இந்தக் காலத்தில் அவர்களை மரியாதையாக அழைக்கிறார்கள். படுத்துக்கொள்ள ஒரு கட்டில், மூன்று வேளை சாப்பாடு, கப்பலில் ஏறி உலகத்தைச் சுற்றி வர ஓர் இடம்: இவ்வளவும் கொடுப்பார்கள். பதிலுக்குக் காலை முதல் இரவு வரையில் பிறர் பேச்சை நாம் பேசவேண்டும். இந்த உத்தியோகத்தை நாம் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகவே பார்த்திருக்கிறோம்.

நெல்லிவாசல்நாட்டு வாத்தியாருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திருப்பத்தூர் ஜில்லாவில், ஜவ்வாது மலையின்மேல், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. பெயரில் நாடு என்றாலும் சர்க்கார் கணக்கில் அவை ஊராட்சிகள். இங்கே சாமை விளையும், பலா பழுக்கும், புளி உலுக்குவார்கள். எந்தப் பாறைமேல் ஏறி நின்றாலும் கடல் மட்டும் தெரியாது. இந்த மலையில் சரித்திரப் பாடம் சொல்லிக்கொடுக்க நாம் வந்து பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ஆகிறது. கப்பல் விஷயம் அதற்கும் முந்தியது. சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில், சாயங்கால வகுப்பில் சேர்ந்து ஜப்பானிய பாஷை கற்றோம். அது சோறு போடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். சோறு போட்டதோ இல்லையோ, கப்பலில் ஏற்றிவிட்டது.

அந்தக் கப்பலின் வரலாறு ஒரு பாடப்புத்தகத்தில் தொடங்குகிறது. சரித்திர வாத்தியாருக்கு இதைவிடச் சுவையான ஆரம்பம் வேறு எது வேண்டும்? 1982-ஆம் வருஷத்தில் ஜப்பானில் ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. ஆசிய நாடுகளின்மேல் ஜப்பானியச் சேனை படையெடுத்துச் சென்ற கதையைப் பள்ளிப் புத்தகங்களில் சர்க்கார் பூசி மெழுகச் சொல்லுகிறது என்பது புகார். சீனாவும் கொரியாவும் கண்டித்தன. அப்போது சில கல்லூரி மாணவர்கள், "புத்தகம் சொல்லாததை நாமே நேரில் போய்க் கேட்டுவிடுவோம்" என்று தீர்மானித்து, 1983-இல் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குப் 'பீஸ் போட்' என்று பெயர். சாந்திக் கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம். யுத்தம் நடந்த தீவுகளுக்கு முதல் யாத்திரை போயிற்று. பிற்பாடு அது உலகத்தைச் சுற்றி வரும் பள்ளிக்கூடமாகவே வளர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் என்று சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. ஒரு துறைமுகத்தை விட்டு அடுத்த துறைமுகம் சேரும்வரையில் கப்பலில் தினமும் வகுப்பு உண்டு. அடுத்த நாட்டின் விஷயம் அறிந்தவர் ஒருவர் முந்திய துறைமுகத்திலேயே ஏறிக்கொண்டு, அந்த நாட்டைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்வார். அவருக்கு ஜப்பானியத்தில் 'மிஸுஸாக்கி அன்னைநின்' என்று பெயர். துறைமுகத்து நீரோட்டமும் மணல்திட்டும் அறிந்து கப்பலைப் பத்திரமாக உள்ளே கொண்டு சேர்க்கிற வழிகாட்டிக்கு உள்ள பெயர் அது. பிரசங்கியை மீகாமனாகப் பார்க்கிற அந்தப் பழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அந்த மீகாமன் பேசுவது பாதிப் பேருக்குப் புரியாது. அங்கேதான் நம் போன்றவர்களுக்கு வேலை. பிரசங்கங்களை மொழிபெயர்க்க வேண்டும். இரவில் அச்சாகிக் காலையில் வரும் கப்பல் பத்திரிகையை இன்னொரு பாஷையில் தர வேண்டும். கரையில் இறங்கினால் ஊர்வாசிகளுக்கும் பிரயாணிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கடல் கொந்தளிக்கும்போது பிரயாணிகள் படுத்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குறிப்பு எழுதுவது தனியாகப் பயில வேண்டிய வித்தை.

கப்பலில் துபாஷி போவது புதிய வழக்கமன்று. சீனத்து அட்மிரல் செங் ஹோ தம் பெருங்கப்பல்களோடு இந்து மகா சமுத்திரத்தில் வந்தபோது, 1413-ஆம் வருஷ யாத்திரையில் மா ஹுவான் என்ற முஸ்லிம் அன்பர் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார். கொச்சியையும் கள்ளிக்கோட்டையையும் இலங்கையையும் பற்றி அவர் எழுதிவைத்தது இன்றைக்கும் சரித்திரக்காரர்களுக்கு ஆதாரம். அதே அட்மிரல் கொண்டுவந்த கல் ஒன்று 1911-இல் இலங்கையின் காலித் துறைமுக நகரில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. 1409-ஆம் வருஷத் தேதி இட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று பாஷைகளில் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கல்லை வாசித்தவர்கள் ஓர் அதிசயம் கண்டார்கள். சீன எழுத்து புத்தரைத் துதிக்கிறது. தமிழ் எழுத்து தெனாவரை நாயனார் என்ற திருமாலைத் துதிக்கிறது. பாரசீக எழுத்து அல்லாவைத் துதிக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பதத்துக்குப் பதம் பார்த்தால் இது மொழிபெயர்ப்பே ஆகாது. ஆனால் மூன்று ஜனங்களுக்கும் சமமான மரியாதை போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவன் வேறு எப்படி எழுதியிருப்பான்? பெயர் தெரியாத அந்தத் துபாஷியை நாம் மனத்துக்குள் குருவாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி ஜப்பானிய பாஷை. தமிழனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பார்கள். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். இந்த ஒற்றுமைகளைக் கண்டு ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழ் கற்று, இரண்டு பாஷைகளுக்கும் உறவு உண்டு என்று பல வருஷங்கள் வாதாடினார். மொழி நூலார் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, ஜப்பானிய வாக்கியம் தமிழன் காதுக்குப் பழகிய வழியிலேயே நடக்கிறது. ஆங்கிலத்துக்குத்தான் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

முக்கியமான சங்கடம் 'இல்லை' என்பதில் வரும். "அவர் நேற்று வந்ததாக நான் நினைக்க" என்றுவரை ஒருவர் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினால், நினைக்கிறாரா, நினைக்கவில்லையா என்பது கடைசிச் சொல் வரும்வரையில் தெரியாது. ஆங்கிலத்திலோ அதை முன்னாலேயே சொல்லியாக வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு எதிரே நூறு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு விநாடி ஒரு யுகமாகத் தோன்றும். ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருவர் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரையில் வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை அபூர்வமான பழக்கம் என்பதை நாம் அந்தக் கப்பலில்தான் உணர்ந்தோம்.

இரண்டாவது விதி, பேசுகிறவர் 'நான்' என்றால் துபாஷியும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "அவர் தமக்குத் தலைவலி என்கிறார்" என்று சொல்லலாகாது. "எனக்குத் தலைவலி" என்றே சொல்ல வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும். முதல் வாரத்தில் நமக்கு ஒரே நாளில் நான்கு பெண்டாட்டிகளும் இரண்டு தொழிற்சாலைகளும் இருந்தன. ஆனால் இந்த வேடிக்கை எல்லா நாட்களிலும் நீடிக்கவில்லை.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்று சொல்லுவார்கள். 2008 முதல் அவர்களை இந்தக் கப்பலில் அழைத்துச் சென்று, நாட்டுக்கு நாடு தங்கள் கதையைச் சொல்லச் செய்யும் ஏற்பாடு ஒன்று நடந்துவந்திருக்கிறது. 2024-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு நிஹோன் ஹிதான்கியோ என்ற அவர்களுடைய சங்கத்துக்குக் கிடைத்தது. நாம் சென்ற கப்பலிலும் அத்தகைய மூதாட்டி ஒருவர் இருந்தார். நாகசாகிக்காரர். 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலை 11 மணி 2 நிமிஷத்துக்குக் குண்டு வெடித்தபோது அவருக்கு வயது ஆறு.

நாகசாகி மலைகளுக்கு நடுவில் உள்ள ஊர். குண்டு ஒரு பள்ளத்தாக்கில் விழுந்தது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களில் பலரை மலையே மறைத்துக் காத்தது. அந்தச் சிறுமி இந்தப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய அக்காள், பள்ளி மாணவிகளை ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிய காலம் அது ஆகையால், மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். திரும்பவில்லை.

இதை நாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் 'நான்' என்று. "எனக்கு ஆறு வயது. அக்காள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள். மறுநாள் அம்மா அவளைத் தேடிப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுவந்தாள்." மீசை முளைத்த இருபத்தெட்டு வயதுத் தமிழன் இதைச் சொல்லுகிறான்; சிரிக்கிறவர் ஒருவரும் இல்லை. நமக்கு அக்காள் கிடையாது. அன்று மாலை ஒரு மணி நேரம் இருந்தாள்.

அப்போது கப்பல் மலாக்கா ஜலசந்தியில் போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் ஏறியிருந்த மாணவர்களில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தாள். கேள்வி நேரம் வந்ததும் அவள் எழுந்து ஆங்கிலத்தில் பேசினாள். தன் தாத்தாவின் தம்பியை ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஜப்பானியர் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துச் சென்றார்கள் என்றும், அவர் திரும்பவே இல்லை என்றும் சொன்னாள். சயாம் மரண ரயிலைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1942-லும் 1943-லும் சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் தூரம் காட்டுக்குள் போட்ட பாதை அது. வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பதைச் சினிமாவிலும் காட்டினார்கள். ஆசியக் கூலிகள் மாண்டது ஏறக்குறைய தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெருந்தொகையினர். அவர்களைச் சினிமா அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

"அம்மா, உங்கள் கதை குண்டு விழுந்த நாளிலிருந்து தொடங்குகிறது. எங்கள் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" இதுதான் அவள் கேட்டது.

இந்த இடத்தில் துபாஷிக்கு ஒரு சபலம் உண்டாகும். ஜப்பானிய பாஷையில் எதையும் வளைத்து, நெளித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்லுவதற்கு நூறு வழிகள் உண்டு. எதிரே எழுபது வயதைத் தொடும் ஒரு கிழவி, தன் அக்காளின் சாவை இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறாள். பலாப்பழத்தின் முள்ளைச் சீவிவிட்டுச் சுளையை மட்டும் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பெண்ணின் தாத்தாவுடைய தம்பி இன்னொரு முறை காணாமற் போய்விடுவார். நாம் முள்ளோடு கொடுத்தோம். கேட்டது கேட்டபடியே ஜப்பானியத்தில் போயிற்று.

மூதாட்டி வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "சிங்கப்பூர் விழுந்த வருஷம் என் அக்காளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். வெற்றிப் பரிசு என்றார்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் எல்லோரும் அதை வைத்து விளையாடினோம். அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது, யார் தோட்டத்து ரப்பர் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் இன்றுவரையில் கேட்கவில்லை." இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார். இதை மறக்கலாகாது என்பது அதன் பொருள். மறக்கலாகாதவர் யார் என்பதற்கு அவர் போட்ட சொல் 'வதாஷிதாச்சி'.

நாம் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை அறியாமலே தமிழில், "அண்ணே, அவங்க என்ன சொன்னாங்க? தமிழ்லயே சொல்லுங்க" என்றாள்.

தமிழில் என்றதும் நமக்கு நாக்கு நின்றது. 'வதாஷிதாச்சி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நாம் என்றும் பொருள், நாங்கள் என்றும் பொருள். ஆங்கிலச் சொல்லும் அப்படியே. எதிரே நிற்பவர் அதற்குள் அடங்குகிறாரா, வெளியே நிற்கிறாரா என்று அந்தப் பாஷைகள் கேட்பதில்லை. தமிழ் கேட்கிறது. "நாங்கள் மறக்கலாகாது" என்றால் குற்றமும் கடமையும் ஜப்பானியருடையவை. அந்தப் பெண் வெளியே நிற்கிறாள். "நாம் மறக்கலாகாது" என்றால் அவளும் உள்ளே வந்துவிடுகிறாள். மலாய்க்காரர்களும் 'காமி', 'கீத்தா' என்று இதைப் பிரித்துச் சொல்லுகிறார்கள். தெலுங்கர் 'மேமு', 'மனமு' என்கிறார்கள். நமக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாகுபாடு ஆகையால், இதன் அருமையை நாம் யோசிப்பதே இல்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்கள் தன்னந்தனியாக இருந்துகொண்டே 'நாம்' என்று எழுதுகிறோம். அதற்கு ஒருவரும் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை.

துபாஷிக்குத் தானாகத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே நாம் மூதாட்டியைப் பார்த்து, "எங்கள் பாஷையில் அந்தச் சொல் இரண்டாகப் பிரியும். இந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொன்னீர்களா, சேர்க்காமல் சொன்னீர்களா?" என்று கேட்டோம். அவர் வியப்போடு நம்மைப் பார்த்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்:

"முதலில் அது எங்களை மட்டும்தான் குறிக்கும். இந்தப் பெண் சம்மதித்தால், அப்புறம் அவளையும்."

இதை நாம் அப்படியே தமிழில் சொன்னோம். அந்தப் பெண் அன்று பதில் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த நாள் இருவரும் மேல்தளத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நம்மைக் கூப்பிட்டு, அக்காளின் பெயர் என்ன என்று ஒருவரும், தாத்தாவுடைய தம்பியின் பெயர் என்ன என்று மற்றவரும் கேட்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. கொழும்பில் அந்தப் பெண் இறங்கும்போது, "நாம மறக்கக் கூடாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க அண்ணே" என்றாள். அந்த ஓர் எழுத்துச் சிறப்பை ஜப்பானியத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க, "நீங்களும் நானும் கூடி" என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. மூதாட்டி தலை குனிந்து வணங்கினார்.

கப்பலை விட்டு இறங்கிய சில வருஷங்களில் நமக்கு மலையில் உத்தியோகம் ஆயிற்று. துபாஷி வேலை அதோடு முடிந்தது என்று எண்ணினோம். அது முடியவில்லை.

இங்குள்ள ஜனங்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர் என்று பொருள் கொள்ளலாம். பட்டியல் பழங்குடியினரில் அவர்கள் சேர்ந்தவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவதும் தமிழேதான். ஆனாலும் கீழே டவுனுக்குப் போய் 'மலையாளி' என்று சொன்னால், "கேரளத்தில் எந்த ஊர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சொந்தத் தமிழில் சொல்லும் சொந்தப் பெயருக்கே துபாஷி வேண்டியிருக்கிறதென்றால் மற்ற விஷயங்களைக் கேட்பானேன்? மனு எழுதும் தமிழ் வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு, சாமை தூற்றும் களத்துத் தமிழ் வேறு. நடுவில் உபாத்தியாயர் நிற்கிறார்.

பாஷை தெரியாத இடத்தில் மலைஜனங்கள் படும் பாடும் சிறிதன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திர தேசத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அது என்கௌன்டர் என்று போலீஸார் சொன்னார்கள்; அன்று என்று மனித உரிமைக்காரர்கள் சொன்னார்கள். அந்த வழக்கை ஆராய்வது இந்தக் கட்டுரையின் வேலையன்று. ஆனால் கூலி என்று யாரோ அழைத்த வார்த்தையை நம்பி எல்லை தாண்டிப் போகிற ஏழை, பிடிபட்டால் தெலுங்குக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறான். குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரியாத பாஷையில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவனுக்குப் புரியும் பாஷையில் அதை நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்லவேண்டும் என்று நம் தேசத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் நல்ல சட்டம். எடுத்துச் சொல்லுகிறவன் முள்ளைச் சீவாமல் சொல்லுகிறவனாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதே கதைக்கு மறுபாதி இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து திருப்பூரிலும் சென்னையிலும் உழைக்கிறவர்கள் நம் ஆஸ்பத்திரிகளில் வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 பாஷைகள் இருக்கின்றன. இத்தனை பாஷைகள் உள்ள தேசத்தில் மேடையேறிப் பிரசங்கம் செய்ய ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கூட்டாமல் குறைக்காமல் அடுத்தவரிடம் கொண்டு சேர்க்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். தேச சேவை என்பதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். கப்பல் ஏறித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கோர்ட்டு வராந்தாவிலும் செய்யலாம்.

1949 நவம்பர் 26-ஆம் தேதி நிறைவேறிய நம் அரசியல் சட்டத்தின் முகவுரையை வகுப்பில் நாம் வருஷந்தோறும் நடத்துகிறோம். ஆங்கில மூலம் தொடங்கும் சொல், நாமா நாங்களா என்று சொல்லாத அந்தச் சொல்தான். அதைத் தமிழாக்கியவர்கள் 'நாம்' என்று எழுதினார்கள். படிக்கிற குழந்தையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுகிற சொல் அது. 'நாங்கள்' என்று அவர்கள் எழுதியிருந்தால், டில்லியில் கூடியிருந்தவர்கள் மட்டும் உள்ளே இருந்திருப்பார்கள். நெல்லிவாசல்நாட்டுக் குழந்தை வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பெயர் அறியாத மொழிபெயர்ப்பாளரை ஒவ்வொரு வருஷமும் நாம் வாழ்த்துகிறோம்.

ஆனால் அழைப்பு வேறு, சம்மதம் வேறு. மூதாட்டி சொன்னதை நாம் மறக்கவில்லை. "நாம எல்லாரும் ஒண்ணுதான்" என்று கீழிருந்து வருகிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாமில் தாமும் உண்டு என்று சொல்ல வேண்டியவர்கள் மலையில் இருப்பவர்கள். ரோடும் மருத்துவரும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பும் தம் வீட்டு வாசலுக்கு எந்த அளவுக்கு வந்து சேர்ந்தன என்று பார்த்துத்தான் அவர்கள் சொல்லுவார்கள். சென்ற வருஷம் முகவுரைப் பாடம் நடந்தபோது ஒரு பெண் குழந்தை எழுந்து, "சார், இதுல நாங்களும் உண்டா?" என்று கேட்டாள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவசரப்படுத்தவில்லை. கடைசிச் சொல் வரும்வரையில் காத்திருக்கப் பழகியவர்கள்தானே நாம்.

அந்தக் குழந்தையும் இன்னும் பத்துப் பேரும் இந்த வருஷம் சாயங்காலத்தில் பள்ளி முடிந்தபின் நம்மோடு உட்கார்ந்து தெலுங்கு கற்கிறார்கள். நமக்கே அது புதிய பாஷைதான். குழந்தைகளுக்கு ஒரு பாடம் முந்திப் போய்க்கொண்டிருக்கிறோம். 'மேமு', 'மனமு' இரண்டையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.